ஒட்ஸே சாலையில் ஒரு மெதுவான கார்

எங்கள் ஊர் லொபாட்ஸேயில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் கெபோன்யேயிடம் கற்றவர்கள். நானும்தான். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூத்த மகளின் பெயரை வைத்துத் திரேலோம்மா என்போம். பக்கத்து இருக்கையில் கண்ணாடியை இறக்கிவிட்டு, சர்ச் பாட்டுக்குழுவில் தான் பாடும் இரண்டாம் குரலை முனகிக்கொண்டே வருவார். சில நாள் திரும்பச் சொல்ல மறந்துவிடுவார். நாங்கள் பேசாமல் ஓட்டிக்கொண்டே கான்யே சாலையில் வெகுதூரம் போயிருப்போம். "சரி, இந்தப் பக்கமும் பார்த்தாச்சு" என்று சிரிப்பார்.

குளிர்காலம் முடியும் சமயம் அது. திரேலோம்மாவும் ஒரு மாணவியும் பக்கத்து ஊரான ஒட்ஸேயிலிருந்து லொபாட்ஸேக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியது ஓரபிலே, எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டும் ஆசை வந்தவள். புல் வெளுத்துக் கிடந்தது. மலையின் பாறை முகட்டுக்கு மேலே கழுகுகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டன.

பின்னால் ஒரு வெள்ளை பிக்கப் வந்து ஒட்டிக்கொண்டது. விளக்கை மினுக்கி, ஹாரனை விடாமல் அடித்தது. ஓரபிலே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட, கார் இன்னும் மெதுவானது. ஓரமாக ஒதுங்கி வழி விடச் சொன்னார் திரேலோம்மா. அவள் ஒதுக்கி நிறுத்தினாள். பிக்கப் தாண்டிப் போய் அவர்களுக்கு முன்னால் நின்றது. சக்கரம் கழற்றும் ஸ்பானரோடு ஒரு ஆள் இறங்கி வந்தான்.

"ரோடு என்ன உங்கப்பன் வீட்டு முற்றமா?" என்று கேட்டுக்கொண்டே முன்கண்ணாடியை ஓங்கி அடித்து நொறுக்கினான்.

"இப்பத்தான் கத்துக்கறாங்க, தம்பி" என்றார் திரேலோம்மா.

அவன் திரும்பிப் போய் வண்டியில் ஏறி, பின்பக்கமாக எடுத்து, அவர்கள் காரை இடித்துத் தள்ளினான். சாலை விளிம்பைத் தாண்டிக் கார் சரிவில் இறங்கும்வரை தள்ளினான். பிறகு போய்விட்டான்.

அந்த இறக்கத்தைத் திரேலோம்மா சொல்லக் கேட்க வேண்டும். வண்டியின் அடியில் புல் உரசிய சத்தம் தண்ணீர் ஓடுவதுபோல இருந்ததாம். மடியில் கிடந்த கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிச் சூரியன். கற்றுக்கொடுப்பவருக்கென்று தன் பக்கத்தில் இருந்த இன்னொரு பிரேக்கை மிதித்தார். காய்ந்த புல்லில் சக்கரம் வழுக்கியது. எங்கும் அவசரமே இல்லை, கழுகுகளோடு தானும் மிதப்பதுபோல இருந்தது என்பார். ஆளுயரக் கறையான் புற்று ஒன்றில் மோதிக் கார் நின்றது. ஸ்டியரிங்கில் சிக்கி ஓரபிலேயின் மணிக்கட்டு முறிந்திருந்தது.

போலீஸ் கேட்டபோது பிக்கப்பின் நம்பரை ஓரபிலேதான் தடுமாறாமல் சொன்னாள். முகத்துக்கு நேராக அவ்வளவு கிட்டத்தில் வந்த எழுத்தை எப்படி மறப்பது என்றாள். அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். பெயர் மோகபி, மாட்டுத்தீவனம் ஏற்றி இறக்குகிறவன்.

அதன்பின் திரேலோம்மா வாசலில் மொருலா மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். கோபம் வரவில்லை. யார் விசாரித்தாலும் புல்லைப் பற்றித்தான் பேசினார். தூக்கத்திலும் கார் இறங்கிக்கொண்டே இருந்ததாம், எங்கும் முட்டாமல். அது சுகமாக இருந்ததுதான் தனக்குப் பயம் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

ஓரபிலே இருவருக்கும் சேர்த்துக் கோபப்பட்டாள். மாவுக்கட்டுக் கையோடு அவரை இலவச சட்ட உதவி அலுவலகத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே கொராட்டா என்ற வக்கீல் அம்மா பொறுமையாக விளக்கினார். போலீஸ் கேஸ் அரசாங்கம் நடத்துவது. அதில் இவர்கள் சாட்சிகள். ஆபத்தாக வண்டி ஓட்டியது, காயப்படுத்தியது, பொருளை உடைத்தது என்று நிரூபணமானால் அபராதம், சிறை, லைசென்ஸ் பறிப்பு எதுவும் வரலாம். காருக்கும் கைக்கும் இழந்த வருமானத்துக்கும் நஷ்ட ஈடு கேட்டுத் தனியாக சிவில் வழக்குப் போடலாம். அதற்குக் கெடு உண்டு, ஆகவே ஆஸ்பத்திரிச் சீட்டு, ஒர்க் ஷாப் மதிப்பீடு, படங்கள் எதையும் தொலைக்கக்கூடாது. ஊர்த்தலைவரின் மன்றத்தில் இரு குடும்பமும் உட்கார்ந்து பேசலாம். ஆனால் அதனாலேயே போலீஸ் கேஸ் நின்றுவிடாது. அவன் மிரட்டினால் கிட்ட வரக்கூடாதென்று கோர்ட்டில் தடை கேட்கலாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திரேலோம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "கோவமே இல்லாம கேஸ் நடத்தலாமாம்மா?"

கொராட்டா சிரித்துவிட்டார். "தாராளமா. கோவம் இருக்கணும்னு சட்டத்துல எங்கயும் எழுதலை."

அந்த வாரமே மோகபியின் தாய்மாமன்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள். பையன் தப்புப் பண்ணிவிட்டான், மன்னித்துக் கேஸை வாபஸ் வாங்க வேண்டும் என்றார்கள்.

"இடிக்கறதுக்கு அவரு தனியாத்தான வந்தாரு? மன்னிப்புக்கு மட்டும் மாமனுங்க துணை வேணுமா?" என்றாள் ஓரபிலே.

திரேலோம்மா அவள் முழங்காலில் கை வைத்தார். "உங்க மன்னிப்பை நான் ஏத்துக்கறேங்க. கேஸு என் கையில இல்ல. என் கையில இருந்திருந்தாலும் விட மாட்டேன். அடுத்த தடவை அவரு யாரையாவது தள்ளினா, அங்க தடுக்கப் புத்து இருக்காது."

கோர்ட்டில் அவர் புல்லையும் கழுகுகளையும்கூட விட்டுவிடாமல் சொன்னார். மாஜிஸ்ட்ரேட் தடுக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல்தான் பிடித்துக்கொண்டார்: கனவு போல இருந்தது என்கிறீர்களே, எல்லாம் நீங்கள் கற்பனை செய்ததாக இருக்கலாமே?

"கனவு மாதிரி இருந்துச்சுன்னேன். கனவுன்னு சொல்லலைங்க" என்றார் திரேலோம்மா.

ஏன் அப்படிச் செய்தாய் என்று மோகபியைக் கேட்டார்கள். அந்தக் கார் தன்னைக் கேலி செய்வதுபோலத் தோன்றியது என்றான். வேறு காரணம் அவனுக்கும் தெரியவில்லை.

குற்றவாளி என்று தீர்ப்பானது. அபராதம், லைசென்ஸ் சில வருடங்களுக்கு இல்லை, மறுபடி தப்புச் செய்தால்தான் சிறை. ஓரபிலேக்கு அது போதவில்லை. பிறகு சிவில் வழக்கைக் கொராட்டா பேசியே முடித்துக் கொடுத்தார். கிடைத்த நஷ்ட ஈட்டில் திரேலோம்மாவுக்கு வேறொரு பழைய கார் வந்தது. ஓரபிலேயின் மணிக்கட்டு மட்டும் குளிர் வந்தால் இன்றும் வலிக்கும்.

ஆனால் திரேலோம்மாவைக் கேட்டால், தீர்ப்பு நாள் மதியத்தைப் பற்றித்தான் பேசுவார். அப்போது கார் இல்லாததால், ஒட்ஸேயில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போக அவரும் ஓரபிலேயும் ஆள் ஏற்றிப் போகும் கொம்பி வேனில் ஏறினார்கள். கதவு மூடும் சமயத்தில் இன்னொரு ஆள் குனிந்து உள்ளே வந்தான். மோகபி. லைசென்ஸ் போனதால் அவனாலும் இப்போது வண்டி ஓட்டிப் போக முடியாது. எதிரில் இருந்த ஒரே காலியிடத்தில், முழங்கால்கள் இடிக்க உட்கார்ந்தான். ஓரபிலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதல் மழை பிடித்துக்கொண்டது. மலை கரைந்து, சாலை கரைந்து, வேனே எங்கோ நீருக்குள் போவதுபோல இருந்தது. டிரைவர் மெதுவாக ஓட்டினான். அதற்காக ஒருவரும் அவனைத் திட்டவில்லை.

ஒட்ஸேயில் மூவரும் இறங்கினார்கள். ஓரபிலேயின் பை கதவில் மாட்டியது. மோகபி அதை விடுவித்து, அவளுடைய நல்ல கையின் பக்கமாக நீட்டினான். அவள் கொஞ்சம் தயங்கி வாங்கிக்கொண்டாள்.

"பார்த்துப் போங்கம்மா" என்று திரேலோம்மாவிடம் சொல்லிவிட்டு, சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு மழையில் நடந்தான்.