தன்லியின் நரிகளும் நேர்ந்துவிட்ட கிடாவும்

சனிக்கிழமை காலை. ரங்கூனின் பபேடான் பகுதியில் நான் தங்கியிருந்த விடுதியில் மின்சாரம் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி இறங்கியபோது, மூட்டுவலிக்காரன் எவனும் ரங்கூனுக்கு வரக்கூடாது என்று மனதுக்குள் சட்டம் போட்டுக்கொண்டேன். கீழே செல்வம் காத்திருந்தார். என் சித்தப்பா பர்மாவிலேயே தங்கிவிட்டவர். அவருடைய மகள் மாரியம்மாளின் கணவர்தான் செல்வம். போனில் மட்டுமே பார்த்திருந்த தங்கையைப் பார்க்க அறுபத்து மூன்று வயதில் கிளம்பி வந்திருந்தேன். கடைகளுக்கு வாத்து முட்டை போட்டுவிட்டு அப்படியே என்னை அழைத்துப்போக அவர் வந்திருந்தார்.

தெருமுனையில் ஆளுக்கொரு கிண்ணம் மொஹிங்கா சாப்பிட்டோம். மீன் குழம்பில் மிதக்கும் சேமியா, கிண்ணம் இரண்டாயிரம் சாட். அவர்கள் ஊரான தன்லியினுக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும். டாக்சிக்காரர் முப்பத்தைந்தாயிரம் கேட்டு முப்பதுக்கு இறங்கினார். பகோ ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் அவர் செல்வத்திடம் பர்மிய மொழியில் ஏதோ கேட்டார்.

"நரி இன்னும் வருதான்னு கேக்குறாரு, மச்சான்."

"உங்க வீட்டு நரி டாக்சிக்காரர் வரைக்கும் பிரபலமா?"

"அவரும் தன்லியின் ஆளுதான். அவரு வீட்டுல இப்ப கோழியே கெடையாது" என்றார் செல்வம். டாக்சிக்காரர் சிரிக்கவில்லை.

ஊரைத் தாண்டி மண்பாதையில் கொஞ்ச தூரம் போனால் அவர்கள் வீடு. தூண்கள்மேல் நிற்கும் மரவீடு, சுற்றிலும் இரண்டு ஏக்கர், பின்னால் அறுவடை முடிந்த வயல். வயலுக்கு அப்பால் இருந்த புதர்க்காட்டைத் தொழிற்சாலைக்காக அழித்துவிட்டார்கள். கட்டடம் எழும்பவில்லை, காடும் இல்லை. இருப்பிடம் போன நரிகள் வீடுகளை ஒட்டி வந்துவிட்டன. யாரோ கோழிப்பண்ணைக் கழிவை அந்தப் பொட்டலில் கொட்டவும், அவற்றுக்கு இலவசச் சாப்பாடும் கிடைத்துவிட்டது.

நரியோடு குடித்தனம் நடத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. பொழுது சாய்வதற்கு முன்னால் வாத்துகளை எண்ணி அடைக்க வேண்டும். கூண்டைச் சுற்றி வலையைத் தரைக்குள் புதைத்திருக்க வேண்டும், ஏனென்றால் நரி தோண்டும். மீன் கழிவை எரித்துவிட வேண்டும். செத்த வாத்தை ஆழமாகப் புதைத்து மேலே கல் வைக்க வேண்டும். கயிற்றில் தகர டப்பாக்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். "ஒரு மாசம் பயந்துச்சு. அப்புறம் அதுக்குக் கீழயே படுத்துக்கிச்சு" என்றார் செல்வம். பக்கத்துத் தோட்டத்துப் பர்மியர் விஷம் வைக்கலாம் என்றாராம். எலியைத் தின்கிற நரியைக் கொன்றால் அடுத்த போகத்தில் எலிதான் அறுவடை செய்யும் என்று செல்வம் மறுத்துவிட்டார்.

மாரியம்மாள் என்னைப் பார்த்ததும் அழுதாள். அழுகை எனக்காக மட்டும் இல்லை என்பது சாப்பிடும்போது தெரிந்தது. ஒரே மகன் முத்து. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற பயத்தில், மழைக்காலத்தில் தரகர் ஒருவரோடு தாய்லாந்துக்குக் காட்டுவழியாகக் கிளம்பினான். எல்லைக்குப் பக்கத்தில் இருந்து ஒருமுறை பேசினான். அதன்பிறகு பேச்சே இல்லை.

அந்த ஒருமுறை அவன் குரலைக் கேட்டதுமே, அவன் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று, பங்குனியில் வெட்டுவதாக முனீஸ்வரருக்கு ஒரு கிடாவை நேர்ந்துவிட்டிருந்தாள். கறுப்புக் கிடா, கழுத்தில் மஞ்சள் துணி. நேர்ந்துவிட்ட ஆட்டைக் கட்டக்கூடாது, அடைக்கக்கூடாது, யார் வயலில் மேய்ந்தாலும் விரட்டக்கூடாது. பர்மியர்களும் உயிர்களை விடுதலை செய்து புண்ணியம் தேடுகிறவர்கள் என்பதால், அக்கம்பக்கத்தில் யாரும் அதன்மேல் கல் எறிவதில்லை. ராத்திரியானால் அது தானாகவே மாடிப்படி ஏறி வந்து வீட்டு வாசலில் படுத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பல் தேய்க்க வெளியே வந்தேன். வரப்பில் ஒரு நரி நின்று என்னைப் பார்த்தது. மெலிந்த உடம்பு, ஒரு காது கிழிந்திருந்தது. எங்கள் ஊரில் நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்கள். உள்ளே போய் மாரியம்மாளிடம் சொன்னேன். "நாங்க தெனமும்தான் முழிக்கிறோம் அண்ணே" என்று தேநீரை நீட்டினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்று மாலை புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. வாத்துக் கூண்டுக்குப் பக்கத்தில் புதிதாக மண் தோண்டிக் கிடந்ததைச் செல்வம் பார்த்திருந்தார்.

"ரெண்டு மூணா சேந்து வருதுங்க. கிடாவை மாட்டுக் கொட்டகையில கட்டிருவோம் மாரி."

"சாமி ஆட்டைக் கட்டவா? அவுத்து விட்ட ஆட்டை எது எடுத்தாலும் அது சாமி எடுத்தது. கட்டிப்போட்டுச் செத்தா நாம கொன்னது. எம்புள்ள உயிரோட வெளையாடாதீங்க."

"நரி வலம் போனா என்ன, இடம் போனா என்ன, மேல விழுந்து புடுங்காம இருந்தாச் சரின்னு சும்மா இருக்கச் சொல்றியா?"

"சும்மாதான் இருக்கணும்."

செல்வம் என் பக்கம் திரும்பினார். விருந்தாளிக்கு இதில் என்ன வேலை என்று நான் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் போனது. "மீ போயிருச்சு, படுங்க" என்றாள் மாரியம்மாள். வயல் பக்கம் ஊளை எழுந்தது. ஒன்று தொடங்க, நாலைந்து சேர்ந்துகொண்டன. பிள்ளைகள் அழுகிற மாதிரியே இருந்தது. நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடியலில் வாசலில் கிடாவைக் காணோம். மாடு இல்லாத பழைய கொட்டகையில் செல்வம் குந்தியிருந்தார். மண்ணெல்லாம் ரத்தம். மூங்கில் தட்டிக்கு அடியில் பெரிய பள்ளம். தூணில் கட்டிய கயிறு அப்படியே இருந்தது.

"அவ தூங்குனப்புறம் நாந்தான் கட்டுனேன் மச்சான். நாலு பக்கமும் தட்டி இருக்கேன்னு நெனச்சேன். அவுந்து கெடந்திருந்தா படியேறி வந்திருக்கும். ஐயோ, கத்தினதுகூட என் காதுல விழலையே."

அவர் எழுந்தார். கயிற்றை அவிழ்த்து லொஞ்சிக் கைலியின் மடிப்பில் செருகினார். மிச்சமிருந்த உடம்பை வரப்புக்கு இழுத்துப் போட்டார். ரத்தத்தின்மேல் நான் வைக்கோல் போட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன்.

மாரியம்மாள் வரப்பில் மஞ்சள் துணியைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் புருஷனைக் கேட்காமல் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. கட்டியிருந்துச்சா?"

"இல்லம்மா" என்றேன்.

அவள் முகம் மெல்லத் தெளிந்தது. அந்த நரிகள் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "பங்குனி வரைக்கும் பொறுக்க முடியலை முனீஸ்வரருக்கு. வந்து எடுத்துக்கிட்டாரு. புள்ள பத்திரமா போய்ச் சேந்துட்டான்" என்றாள். குளித்துவிட்டு வந்து பாயசம் வைத்தாள். மூவரும் சாப்பிட்டோம். இவ்வளவு கசப்பான பாயசத்தை நான் சாப்பிட்டதே இல்லை. சிக்னல் கிடைக்கிற ஜன்னலில் போனை வைத்துவிட்டு, நான் கிளம்பும்போதும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மதியம் ரங்கூன் பேருந்தில் ஏறினோம். செல்வம் முட்டைக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் இப்போது நரி கிடையாது. நிலத்தை மனையாக்கி எல்லாவற்றையும் விரட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். அந்த நிம்மதி இவர்களுக்கும் கிடைத்திருக்கக்கூடாதா என்று இருந்தது. நரி போனாலும் இந்த வீட்டுக்குத் தூக்கம் வராது என்பதும் தெரிந்தேயிருந்தது.

பாலத்தில் ஏறும்போது செல்வத்தின் போன் அடித்தது. மாரியம்மாள். அவள் குரல் எனக்கும் கேட்டது.

"ஒங்களுக்கு ஏதும் கூப்பிட்டானா?"

"இன்னும் இல்ல மாரி."

"கூப்பிடுவான். நான் வச்சிர்றேன். அவன் கூப்பிடுற நேரத்துல நாம பேசிக்கிட்டிருக்கக் கூடாது."