இறகுப் பூச்சியில் விழுந்த கெண்டை

போன வாரம் திருவானைக்காவலில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். எழுபத்து மூன்று வயதில் என் தலையில் வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் மாதம் தவறாமல் போவேன். அங்கே போனால் நாலு பேரிடம் பேசலாம். கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ வெளிநாட்டு மலை, இரண்டு கரையிலும் பனி. நடு ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் ஒருவன் நின்றுகொண்டு நீளமான கோல் ஒன்றை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தான்.

“ஐயா, இவன் மீன் புடிக்கிறானா, கொசு வெரட்டுறானா?” என்றார் முடி வெட்டுகிறவர்.

குளிர்காலத்தில் அந்த ஆற்றின் நிலவரம் எப்படி என்று ஒரு குரல் தமிழில் சொல்ல ஆரம்பித்தது. நான் முந்திக்கொண்டேன். “பாருங்க, இப்ப சொல்லுவான். தண்ணி கொறஞ்சு தெளிஞ்சு கெடக்கும்பான். காலையில மீனு அசையாது, வெயில் ஏறினாத்தான்பான். பூச்சி சின்னதா, கறுப்பா இருக்கணும்பான்.” நான் சொன்னதை அப்படியே வரிசையாகச் சொன்னது அந்தக் குரல். கத்தரி நின்றுவிட்டது.

“உங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்? வெளிநாடெல்லாம் போயிருக்கீங்களா?”

வேறு விஷயமாக இருந்தால் அரை மணி நேரம் அளந்திருப்பேன். அன்று வாய் வரவில்லை. “சவரியோட அப்பா சொன்னது” என்று மட்டும் சொன்னேன். சவரி யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்? உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். இன்றைக்குத் துவாக்குடியில் என் பட்டறையில் பதினோரு மெஷின் ஓடுகிறது. பெரிய படிப்புப் படித்த பிள்ளைகள் கையில் வரைபடத்தோடு வந்து, “இது முடியுமா சார்?” என்று என்னிடம் கேட்கிறார்கள். முடியாது என்று நான் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சவரியை நான் சம்பாதித்ததும் இந்தக் கையால்தான்.

திருச்சியில் ஒரு லேத் பட்டறையில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் வேலை செய்தோம். சவரிமுத்து என்று பெயர். ஒல்லி. மெஷினில் ஊற்றுகிற எண்ணெய் நாற்றம் எங்கள் சட்டையில், சோற்றில், தூக்கத்தில்கூட இருக்கும். அவன்மேல் மட்டும் இன்னொரு வாடையும் வரும். நனைந்த கோழி இறகு வாடை. “என்னடா, ராத்திரி கோழிக்கூண்டுக்குள்ள படுத்தியா?” என்று கேட்பேன். சிரிப்பான்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் மெஷின் மேல் வைத்தான். பிரித்தால் மூங்கில் கோல், மூன்று துண்டு. மூங்கில் என்றால் நம் ஊர் மூங்கில் இல்லை. சீவிச் சீவி ஒட்டி, அரக்குப் பூசி, மினுமினுவென்று இருந்தது. துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று சொருகுகிற இடத்தில் பித்தளைக் குழல். அதில் ஒன்று வெடித்திருந்தது.

“ஒன்னால இத கடைய முடியுமாடா? நான் ரெண்டு தடவ கெடுத்துட்டேன்.”

நான் ஒரே தடவையில் கடைந்தேன். பிரிக்கும்போது ‘பொக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும் என்றான். வந்தது. அந்தச் சத்தத்தை அவன் ஆறேழு முறை கேட்டிருப்பான். அதற்குப் பிறகுதான் கோலின் கதையைச் சொன்னான்.

அது அவன் அப்பாவுடையது. ஊட்டிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் முப்பது வருஷம் துரையிடம் வேலை பார்த்தவர் அவர். துரை மலை ஓடையில் மீன் பிடிக்கப் போகும்போது பையும் வலையும் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். அந்த மீனுக்குப் புழுவும் கிடையாது, மாவும் கிடையாது. சேவல் கழுத்து இறகைக் கறுப்பு நூலால் சின்னக் கொக்கியில் கட்டிப் பூச்சி மாதிரிச் செய்வார்கள். துரைக்குக் கண் மங்கிய பிறகு அதைக் கட்டியதெல்லாம் சவரியின் அப்பாதான். துரை ஊருக்குக் கப்பல் ஏறும்போது கோலை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் பார்க்கும்போது அவர் மாதா கோயில் பின்னால் ஒரு சின்ன வீட்டில் கட்டிலோடு கிடந்தார். நெஞ்சில் சளி. ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் பேச்சு வந்துவிடும். “இப்ப மேல தண்ணி கண்ணாடியா இருக்கும் தம்பி. கால வெச்சா எலும்பு கத்தும். மீனு கல்லோட கல்லா அடியில கெடக்கும். நம்ம நெழல் தண்ணியில விழுந்துச்சோ, போச்சு. வெயில் வந்து பாறை சூடேறணும். அப்பத்தான் ஒண்ணு, ரெண்டு மேல வந்து பாக்கும்.” வாழ்நாளில் மணப்பாறையைத் தாண்டாத நான், அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே அந்த ஓடையில் கால் விறைத்து நின்றிருக்கிறேன்.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. ஆசை என்பதைவிட ஆத்திரம் என்று சொல்லலாம்.

“ஒரு நா தொரைகிட்ட சொன்னேன், எங்க காவேரி மீனும் இந்தப் பூச்சிக்கு வரும்னு. சிரிச்சான். உங்க ஊரு மீனுக்குச் சேறு திங்கத்தான் தெரியும்னான். ஒண்ணு போதும் தம்பி. ஒரே ஒரு நல்ல மீனு. கண்ணால பாத்துட்டுப் போயிருவேன்.”

அதைத்தான் சவரி பிடிக்கக் கிளம்பினான். கூடவே நானும். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடித்துவிட்டு வருவான். கரூர் ரோட்டில் இரண்டு சைக்கிளில் ஜீயபுரம் போவோம். வாழைத்தோப்புக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, அதைத் தாண்டினால் ஆறு. மழை நின்று தண்ணீர் இறங்கித் தெளிந்திருக்கும் காலம். இடிந்து விழுந்த ஒரு பழைய படித்துறையின் கற்கள் ஆற்றுக்குள் கிடந்தன. அந்தக் கற்களில் ஏறி இறங்கித் தண்ணீர் சலசலவென்று ஓடும். சவரிக்கு அந்த இடம்தான் வேண்டும். புழுவைப் போட்டுவிட்டு நான் சும்மா உட்காரலாம். இறகுப் பூச்சியை அப்படிப் போட முடியாது. ஓடுகிற தண்ணீர் அதைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். போனால்தான் அது பூச்சி. நின்றுவிட்டால் வெறும் இறகு.

கரையில் போகிறவர்கள் கேட்காத கேள்வி இல்லை. “என்னங்க, தண்ணிக்கு விசிறி விடுறீங்களா?” என்று வாழைத்தார் சுமந்து வந்த ஒரு அம்மா கேட்டார். நானும் சும்மா இருக்க மாட்டேன். என் தூண்டிலில் புழுவுக்கு மீன் விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டுவேன். “டேய் சவரி, இதுக்குப் பேரு மீனு, தெரிஞ்சுக்க!” அவன் பூச்சியைக் குட்டி மீன்கள் கொத்தும், விடும். உள்ளங்கை அளவுகூடத் தேறாது. வீட்டுக்குப் போனதும் கட்டிலிலிருந்து கேள்வி வரும்: “இன்னிக்கு?” அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “இல்லப்பா” என்பான். மூன்று மார்கழி இப்படியே போனது.

மூன்றாவது மார்கழியின் கடைசி ஞாயிறு. நல்ல வெயில் ஏறிவிட்டது. என் தூண்டிலில் ஒரு சேல் கெண்டை விழுந்தது, முழத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. சவரி டீ வாங்க மேலே ரோட்டுக்குப் போயிருந்தான். அவன் கோல் மணலில் ஊன்றியிருந்தது, பூச்சி கல்லுக்குக் கீழே ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நேரத்தில் ஏன் அப்படித் தோன்றியது என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். விளையாட்டுத்தான். வேறு ஒன்றும் இல்லை. கெண்டையை என் கொக்கியிலிருந்து கழற்றினேன். அவன் பூச்சியை அதன் உதட்டில் மாட்டித் தண்ணீரில் விட்டேன். என் இடத்துக்குப் போய் ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்தேன். அவன் இழுத்துக் கரையில் போட்டதும் கைகொட்டிச் சிரிக்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

வந்தான். கோல் வளைந்திருப்பதைப் பார்த்தான். டீ இரண்டும் மணலில் போனது.

அவன் அந்த மீனை இழுத்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதறவில்லை. நூலை விட்டு இழுத்து, விட்டு இழுத்து, அப்பா சொல்லிக் கொடுத்தபடியே கொண்டுவந்தான். மீன் மணலுக்கு வந்ததும் மண்டியிட்டான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். அழுதான் ஐயா அவன். இருபத்தாறு வயது ஆள், மீசை வைத்தவன். அதற்கு மேல் நான் எங்கே கைகொட்டுவது? ஈர வேட்டியோடு சைக்கிளில் ஏறி மிதித்தான். என்னைக் கூப்பிடக்கூட இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கிழவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மீன் அவர் மடியில் கிடந்தது. பூச்சியைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். “தொர இருந்திருக்கணும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னைப் பார்த்து, “நீயும் கூட இருந்தியா தம்பி?” என்றார். “இருந்தேங்க” என்றேன். அது பொய் இல்லை, பாருங்கள். தை பிறந்து பத்து நாளில் அவர் போய்விட்டார்.

நல்லதுதானே செய்தோம் என்று நான் என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். கிழவர் நிம்மதியாகப் போனார், சவரிக்கும் ஒரு பெருமை. அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பன்னிரண்டு வருஷம் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குள் நான் முதலாளி ஆகிவிட்டேன். சவரி என் பட்டறைக்கே ஃபோர்மேனாக வந்தான். ஒரு கிறிஸ்துமஸ் அன்று அவன் வீட்டில் பெரிய பந்தி. புதிதாக வாங்கிய காரில் போய் இறங்கினேன். அது எப்படி ஓடும், எத்தனை பேர் கேட்டும் எனக்கு எப்படி முதலில் கிடைத்தது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பாதியில் திரும்பி, “சவரி, அந்த இறகு மீன் கதைய எல்லாருக்கும் சொல்லேன்” என்றார். எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். என் கார் அங்கேயே நின்றது.

அவன் சொல்லி முடித்து, அப்பா மடியில் மீனை வைத்த இடத்துக்கு வந்தபோது நான் சொன்னேன்: “அந்த மீனு நான் புடிச்சதுடா.”

விடாமல் முழுவதும் சொன்னேன். எப்படிக் கழற்றினேன், எப்படி மாட்டினேன், அவன் எப்படி மண்டியிட்டான், எல்லாம். நடித்தும் காட்டினேன். பந்தியே சிரித்தது. சவரியும் சிரித்தான். அவன் மனைவி ஜெயமேரி மட்டும் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். “அண்ணே, போதும்ணே” என்றாள். சவரி வந்து என் இலையில் இன்னும் இரண்டு துண்டு கறி வைத்தான். “சாப்புடுறா, ஆறிடப் போவுது.”

புது வருஷம் கழிந்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவனைத் தேடிப் போனேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போயிருப்பதாக ஜெயமேரி சொன்னாள். மாதா கோயில் வாசல் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். வந்தவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“சாமியார் என்னடா சொன்னாரு?”

“தெரியாம சொன்னது பொய் இல்லையாம். பாவமே இல்லைன்னுட்டாரு.”

“அப்புறம் என்ன?”

“அப்பா கேட்டாருடா. ‘நெசமா பூச்சிக்குத்தான் வந்துச்சா?’ன்னு. ‘ஆமாப்பா’ன்னேன். நம்பாம மறுபடி கேட்டாரு. அவரு தலையில அடிச்சு சத்தியம் பண்ணேன்.”

எனக்கு அது தெரியாது. நான் போய்ச் சேர்வதற்கு முன்னால் நடந்தது அது.

“நான் போயி சாமியார்கிட்ட சொல்லட்டுமாடா? தப்பு என்னோடதுதானே?”

“நீ எங்க வேதக்காரன் இல்லையேடா” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தப்பான பஸ்ஸில் ஏறியவனுக்கு வழி சொல்கிற மாதிரி, மெல்லச் சொன்னான். “உனக்கு அங்க எடம் கெடையாது.”

பிறகும் பதினைந்து வருஷம் என்னிடம் வேலை பார்த்தான். என் பெண் கல்யாணத்தில் பந்தி கவனித்தவன் அவன். ஒரு நாளும் முகம் சுளித்தது கிடையாது. ஆனால் ஆறு என்ற பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. அடுத்த மார்கழியில் நான்தான் கூப்பிட்டேன். “மூட்டு வலிடா” என்றான். மறுநாள் காலை கோல், பூச்சி டப்பா இரண்டும் துணியில் சுற்றி என் மேஜைமேல் இருந்தன. “வீட்ல எடத்த அடைக்குது, நீயே வெச்சுக்க” என்றான்.

சவரி போய் நாலு வருஷமாகிறது. அப்பாவுக்கு வந்த அதே நெஞ்சுச் சளி. கடைசியில் ஆஸ்பத்திரியில் பேச்சு நின்ற பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு நான் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. ஜெயமேரி கேட்டிருக்கும் என்கிறாள். அவள் நல்லவள்.

அதிலிருந்து ஒவ்வொரு மார்கழியும் ஜீயபுரம் போகிறேன். டிரைவர் மேலேயே வண்டியை நிறுத்திவிட்டுப் போன் பார்த்துக்கொண்டிருப்பான். ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டியவன், பதினோரு மெஷின் வைத்திருப்பவன், வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீரில் நின்று கோலை வீசுகிறேன். ஒரு கெண்டை, நிஜமாக, யாரும் மாட்டாமல், அதுவாக வந்து அந்த இறகைக் கவ்வினால் போதும். தாமதமாகத்தான், இருந்தாலும் சவரி செய்த சத்தியம் ஒரு வகையில் உண்மையாகிவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். சிறுபிள்ளைத்தனம் என்பீர்கள். இருக்கட்டும். என்னால் முடியாத வேலை என்று ஒன்றை நான் இன்னும் ஒப்புக்கொண்டதில்லை.

ஆனால் அந்த ஆறு இல்லை. மணலை அள்ளி அள்ளி, இடுப்பளவு இருந்த இடமெல்லாம் பள்ளமாகிவிட்டது. படித்துறைக் கற்கள் எந்தப் பள்ளத்துக்குள் உருண்டுபோயினவோ, ஒன்றும் கண்ணில் படவில்லை. சலசலப்பு இருந்த இடத்தில் இப்போது பச்சையாக ஒரு தேக்கம். சின்ன அலைகூடக் கிடையாது. வெயில் ஏறும்வரை காத்திருக்கிறேன். என் நிழல் விழாமல் தள்ளி நிற்கிறேன். பூச்சியைப் போடுகிறேன். போட்ட இடத்திலேயே கிடக்கிறது.