ஜஸீலா மீட்ட அறுவடை வரிசை

திருத்துறைப்பூண்டியில் அறுவடை மிஷின் என்றால் இந்தக் காயாரோகணம்தான். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஓடுவது பதினாலு மிஷின். அதைவிடப் பெருமை, கம்ப்யூட்டர் வேலைக்கு ஜஸீலாவைப் பிடித்தது. அவள் வீட்டுக்காரர் துபாயில்; பிள்ளைகள் இரண்டும் பள்ளியில். வந்த மாதமே, எந்த வயல் எந்தத் தேதி என்ற வரிசையைக் கரும்பலகையிலிருந்து கிளவுடுக்கு ஏற்றிவிட்டாள். டிரைவர்கள் போனைத் திறந்தால் அன்றைய வயல் தெரியும். தினமும் அதற்கொரு நகலும் எடுத்து வைத்தாள்.

"கிளவுடுலதானே இருக்கு, அப்புறம் எதுக்கு நகல்? எவன் திருடப்போறான்?" என்று கேட்டேன்.

"திருட வேணாம் மொதலாளி. நம்மள்ல ஒருத்தர் அழிச்சாலே போதும்."

அந்த ஒருத்தர் நான்தான். சம்பா அறுப்பு தொடங்கும் நாளில், நல்ல நேரம் பார்த்து, கரும்பலகையில் போன குறுவைப் பெயர்களை என் கையால் துடைத்து மஞ்சள் வைப்பேன். முப்பது வருஷ வழக்கம். பலகை போனால் வழக்கமும் போகுமா? இந்தத் தையில் கம்ப்யூட்டரைத் திறந்து எல்லாவற்றையும் அழித்தேன். 'நிச்சயமா?' என்று கேட்டது. என்னையா? 'ஆமாம்' என்று அழுத்தினேன். குறுவையோடு, சம்பாவுக்குப் பதிந்த நானூறு வயலும் போயிற்று.

பனி காய்ந்ததும், பத்து மணிக்கு மிஷின் இறங்க வேண்டும். ராஜம்மாள் வாசலில் வந்து நின்றாள். மூன்று ஏக்கர், கதிர் சாய்ந்து கிடக்கிறது. மறுநாள் மழை என்று செய்தி.

"இன்னைக்கு என் முறைங்க. நனைஞ்சா நெல்லு முளைச்சுரும்."

கூட நின்ற இருபது பேரும் அதையேதான் சொன்னார்கள்.

எட்டரைக்கு வந்த ஜஸீலா என்னைத் திட்டவில்லை. "எத்தனை மணிக்கு அழிச்சீங்க? நிமிஷத்தோட சொல்லுங்க."

"ஏழு நாப்பத்தஞ்சு. நல்ல நேரம் ஆரம்பிச்சதும்."

சிரித்துவிட்டாள். "நேரம் குறிச்சு அழிச்ச ஆளை இப்பதான் பாக்குறேன்!"

தினமும் ஒரு முழு நகல். அதற்குப் பின் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் தனிப் பதிவு. இரண்டையும் சேர்த்தால் எந்த நிமிஷத்துக்கும் திரும்பலாமாம். அதுவும் போனால், வேறொரு கணக்கில் வாராந்திர நகல் இருக்கிறது. ஏழு நாற்பத்துநாலுக்கு இருந்த வரிசையை அவள் கம்ப்யூட்டரிடம் கேட்டாள். பழையதைத் தொடாமல், பக்கத்தில் புதிதாக ஒரு டேட்டாபேஸ் எழும்பத் தொடங்கியது. முதல் மிஷின் வாங்கிய அன்றுகூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

ஒன்பதரைக்கு வரிசை வந்தது. நாலு பெயரைச் சரிபார்த்து, டிரைவர்களின் போன்களை அதற்குத் திருப்பிவிட்டாள். மூன்றாம் மிஷின், முதல் வயல்: ராஜம்மாள்.

"நான்தான் சொன்னேன்ல!" என்றாள் ராஜம்மாள்.

"எல்லாருந்தான் சொன்னாங்க ஆத்தா, கெளம்பு!" என்றேன்.

ஜஸீலா அன்றே கம்ப்யூட்டரில் எனக்கிருந்த அழிக்கும் அனுமதியை எடுத்துவிட்டாள்.

"யாரு கம்பெனி இது?" என்றேன்.

"உங்களுதுதான். அதான் பத்திரமா வெச்சிருக்கேன்."

மறுநாள் மழை கொட்டியது. ராஜம்மாளின் நெல் மூட்டைகளாக வீட்டுக்குள் இருந்தது. இப்படி ஒருத்தி வேறு எந்த மிஷின்காரனிடம் இருக்கிறாள்? சொல்லுங்கள் பார்ப்போம்.