துப்பாக்கி முனைக்கு நான் கடைந்த வளையம்

எமிரேட்ஸில், அல் குசைஸ் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்கு நான் பதினோரு வருடமாக இன்சார்ஜ். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் கற்ற வேலை. படகு ஷாஃப்ட், ஹைட்ராலிக் சிலிண்டர், கல் உடைக்கிற மெஷினின் புஷ் என்று வருவதையெல்லாம் கடைந்து கொடுப்போம். துப்பாக்கியை ஊரில் வங்கி வாசலில், காவலாளியின் தோளில் பார்த்ததோடு சரி.

போன குளிர்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, எங்களிடம் வழக்கமாகப் படகு வேலை கொடுக்கும் அர்பாப் ஒருவர் வந்தார். அர்பாப் என்பது இங்கே வசதியுள்ள அரபிகளை மரியாதையாகக் கூப்பிடும் சொல். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இந்த நாட்டுக்காரர். மீன்பிடிப் படகு இரண்டு வைத்திருந்தார். உருதுவில்தான் எங்களோடு பேசுவார். என்னை முஹந்திஸ் என்று கூப்பிடுவார். இஞ்சினியர் என்று பொருள். அன்று அவர் கையில் ஷாஃப்ட் இல்லை. விரல் நீளத்தில், கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமனான ஒரு எஃகுக் குழாயை மேஜையில் வைத்தார். அதன்மேல் ஒரு வளையம். வளையத்தைச் சுற்றி மைக்ரோமீட்டரில் இருப்பது போலக் கோடுகள்.

"ஜாம் ஆயிடுச்சு முஹந்திஸ். மணல் உள்ளே போயிடுச்சு. திருகினா அசையலை. இதே மாதிரி புதுசு ஒண்ணு வேணும்."

"என்ன சாமான் அர்பாப் இது?"

"எடை. பந்தூக் குழலோட முனையில நிக்கிற எடை."

வருடத்துக்கு ஒரு முறை அவர் வெளிநாட்டு மலைகளுக்குக் காட்டாடு வேட்டைக்குப் போவார் என்பது எனக்குத் தெரியும். லைசென்ஸ் எல்லாம் உண்டு. பந்தூக், அதாவது துப்பாக்கி, என்ற சொல் காதில் விழுந்தது. ஆனால் அப்போது அதை நான் யோசிக்கவே இல்லை. காரணம், அவர் அடுத்துக் காட்டிய இரண்டு தாள்கள்.

இரண்டுமே சுட்டுப் பழகுகிற இலக்குத் தாள்கள். ஒன்றில் ஐந்து துளைகள், உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. மற்றதில் அதே ஐந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒரு திர்ஹம் நாணயத்தால் மூடிவிடக்கூடிய அளவில் இருந்தன. ஒரே துப்பாக்கி, ஒரே பெட்டித் தோட்டா, ஒரே ஆள். வளையத்தை நாலு கோடு திருகினது மட்டும்தான் வித்தியாசம் என்றார்.

"சுடறப்போ குழல் நடுங்கும். கண்ணுக்குத் தெரியாது. தோட்டா வெளியே போற நேரத்துல முனை மேலே இருந்தா ஒரு இடம், கீழே இருந்தா ஒரு இடம். எடையைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினா, முனை அமைதியா இருக்கிற நேரத்துல தோட்டா வெளியே போகும்."

அவர் இதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. லேத்தில் ஆழமான துளை போடும்போது, உள்ளே போய் வெட்டும் கம்பியான போரிங் பார் நடுங்கும். சேட்டர் என்போம். துளையின் உள்சுவரெல்லாம் வரி வரியாகக் கெட்டுப்போகும். பாரை நாலு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் பிடித்தால் சத்தம் நின்று, சுவர் கண்ணாடி போல வரும். இருபது வருடமாக நான் செய்துவருகிற வேலையை ஒருவர் துப்பாக்கியில் செய்கிறார். எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. வியாழக்கிழமை தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். பட்டறை முதலாளி ஊரில் இல்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

இரண்டு நாள் நானே மெஷினில் நின்றேன். பழைய துண்டின் த்ரெட்டை அளந்து, கேஜ் வைத்துப் பார்த்து, வளையத்தில் ஒவ்வொரு கோடாக வெட்டினேன். முடித்துத் துடைத்து மேஜையில் வைத்தபோது, எங்கள் மூத்த லேத் ஆபரேட்டர் அதைக் கையில் எடுத்தார். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் துளை வழியாக ஜன்னலைப் பார்த்தார்.

"சார், இது யாருக்கு?"

சொன்னேன். அவர் துண்டை மெதுவாகக் கீழே வைத்தார். தொட்ட விரலைப் பனியனில் துடைத்துக்கொண்டார்.

"துப்பாக்கி வாயில மாட்டுற சாமானா? சார், இது சைலன்சர் மாதிரில இருக்கு. இந்த ஊர்ல இதைப் பண்ணுனா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"இல்ல பாய், இது வெறும் எடை."

"அது உங்களுக்குத் தெரியும். பாக்குறவனுக்கு?"

அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. உடனே அர்பாபுக்குப் போன் போட்டேன். தொடர்பு கிடைக்கவில்லை. பத்து நிமிடம் விட்டு மறுபடி. அப்படியேதான். வியாழக்கிழமை அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் போன் கிடைக்கவில்லை. அவரைப் பிடித்துவிட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். பிடித்தவர்கள் யார் கடைந்து கொடுத்தது என்று கேட்காமலா இருப்பார்கள்?

இரண்டு துண்டையும் ஒரு துணியில் சுற்றி டிராயரில் பூட்டினேன். பிறகு திறந்து, ஸ்கிராப் டிரம்முக்குள் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஸ்கிராப் எடுக்க வருகிறவன் கிளறிப் பார்ப்பான். அறுத்துவிடலாம் என்று பேண்ட்சா மெஷின் வரை கொண்டுபோனேன். சுவரில் கேமரா. இரண்டு நாள் நான் மெஷினில் நின்றது முழுக்க அதில் இருக்கும். இப்போது அறுப்பதும் பதிவாகும். அர்பாப் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த அளவுப் படத்தை அழித்தேன். அழித்த மறு நிமிடமே, எதற்காக அழித்தாய் என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று அதற்கும் பயந்தேன். பட்டறை வாசலில் வெள்ளை லேண்ட் க்ரூஸர் எது நின்றாலும் போலீஸ் வண்டியோ என்று கழிப்பறைக்குப் போனேன். பாய் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அவருக்கு நான்கு பெண் பிள்ளைகள். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

வீட்டில் மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை மனைவியோடு காய்கறி வாங்கப் போனேன். பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க, ரெண்டு நாளா சோறு இறங்க மாட்டேங்குது உங்களுக்கு. வேலை போயிருச்சுங்களா?"

"வேலை போனாக்கூடப் பரவால்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. முடிந்ததும் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அது இப்ப எங்கீங்க இருக்குது?"

"பட்டறை டிராயர்ல."

"அவங்களா வந்து எடுத்தா அது வேற. நாமளா கொண்டுபோய்க் குடுத்தா வேற. போலாம் வாங்க."

"உள்ள வெச்சுட்டாங்கன்னா?"

"வெச்சா நான் வெளிய இருந்து பாத்துக்கறேன். இப்படி நீங்க நடுங்கிட்டு உக்காந்திருக்கிறத என்னால பாக்க முடியலீங்க."

பட்டறைக்குப் போய்த் துணி மூட்டையை எடுத்தோம். போகும் வழியில் மகளுக்குப் போன் செய்து, கேஸை அணைத்துவிட்டாயா என்று எதையோ கேட்டேன். காவல் நிலையத்தில் ஏசி குளிர் எலும்பில் இறங்கியது. வரவேற்பில் இருந்த இளைஞர் என்ன புகார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "என்மேல்தான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மூட்டையை மேஜையில் பிரித்தேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். எழுந்து உள்ளே போனார்.

அதற்குப் பிறகு மூன்றரை மணி நேரம். எமிரேட்ஸ் ஐடியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் எழுத, ஒருவர் கேட்க, அதையே மூன்றாமவர் வந்து மறுபடி கேட்டார். படத்தை அழித்துவிட்டேன் என்று நானே சொன்னேன். "ஏன்?" என்றார். "பயத்தில்" என்றேன். அதையும் எழுதச் சொன்னார். மனைவி நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த தேநீர் அவள் பக்கத்தில் ஆறிப்போயிருந்தது. இவளையும் இங்கே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டேனே என்ற எண்ணம் வந்தபோதுதான் எனக்கு முதல் முறையாகக் கண் கலங்கியது.

கடைசியில் ஆயுதங்களைப் பற்றித் தெரிந்த ஒரு அதிகாரியை வரவழைத்தார்கள். நரைத்த தாடி. நான் செய்த துண்டை விளக்குக்கு எதிரே பிடித்தார். வளையத்தைத் திருகினார். அது ஒவ்வொரு கோடாக நகர்ந்தது. பழைய துண்டையும் பார்த்தார்.

"சத்தத்தை அடக்குகிற சாமானில் உள்ளே அறைகள் இருக்கும். இதில் ஒன்றுமில்லை. இது குறி பார்க்க உதவுகிற எடைதான்," என்றார். நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார். "ஆனால் ஆயுதத்தில் மாட்டுகிற எதுவாக இருந்தாலும், அனுமதி இல்லாத பட்டறை தொடக் கூடாது. இது உனக்குத் தெரியாதா?"

"தெரிந்திருக்க வேண்டும் சார்."

சிறிது நேரத்தில் அர்பாப் வந்தார். அவர் மகனைத் தொடர்புகொண்டு அவரை வரச் செய்திருக்கிறார்கள். ரப்பர் செருப்பு, மீன் வாடை, உப்புப் படிந்த கை. மூன்று நாள் கடலில் இருந்துவிட்டு அப்போதுதான் கரையேறியிருக்கிறார். அங்கே சிக்னல் கிடையாது. அவ்வளவுதான் விஷயம். அவர் அரபியில் அதிகாரியிடம் நெடுநேரம் பேசினார். எனக்குப் புரிந்தது முஹந்திஸ் என்ற சொல் மட்டும்தான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கலத்தி, தப்பு என்னுது. நான் உன்கிட்டே கொண்டுவந்திருக்கக் கூடாது. அவங்ககிட்டே சொல்லிட்டேன். கலாஸ், முடிஞ்சுது."

நான் செய்த துண்டை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். இனி இப்படிப்பட்ட வேலை எடுப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஐடி திரும்பக் கிடைத்தது. திங்கட்கிழமை முதலாளிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தினார். அது நியாயம்தான். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை.

விஷயம் முடிந்துவிட்டது. ஆனால் என் பயம் போகவில்லை. லிஃப்டில் சீருடை போட்ட செக்யூரிட்டி ஏறினாலே அடுத்த மாடியில் இறங்கிக்கொண்டேன். அந்த வருடம் அர்பாப் எடை இல்லாமலே மலைக்குப் போய்வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

குளிர்காலம் முடியும்போது அவர் படகு ஷாஃப்ட்டோடு வந்தார். உரிமம் உள்ள கடை மூலம் புதிய எடை வரவழைத்துவிட்டதாகவும், சனிக்கிழமை ஷூட்டிங் கிளப்பில் அதைச் சரிபார்க்கப் போவதாகவும் சொன்னார்.

"நீ வந்து பார்க்கணும். உன்னைப் பயமுறுத்தினது என்னன்னு ஒரு தடவை பார்த்துட்டா சரியாயிடும்."

மனைவி வேண்டாம் என்றாள். எனக்கும் விருப்பமில்லை. ஆனால் என் பயத்துக்காக மீன் வாடையோடு ஓடிவந்த மனிதரிடம் எப்படி மறுப்பது? போனேன்.

காதுக்குப் பாதுகாப்புக் கவசம் மாட்டிவிட்டு, பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முதல் குண்டு வெடித்தபோது சத்தம் காதில் கேட்கவில்லை, விலா எலும்பில் கேட்டது. மூன்று குண்டு முடிந்ததும் பயிற்சியாளர் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பார். பிறகுதான் அர்பாப் முனைக்குப் போய் வளையத்தைத் திருகுவார். காலி என்று தெரிந்தும், அவர் கை குழலின் வாய்க்கு அருகே போகும் ஒவ்வொரு முறையும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எதிரே சின்னத் திரையில் இலக்கு தெரிந்தது. முதல் மூன்று துளைகள் சிதறி விழுந்தன. இரண்டு கோடு திருகினார். மேலும் கீழுமாக ஒரு வரிசையில் விழுந்தன. இன்னும் இரண்டு கோடு. வரிசை சுருங்கியது. அதற்கு மேல் திருகினபோது மறுபடி சிதறியது. ஒரு கோடு பின்னால் திருப்பினார். மூன்று குண்டு. திரையில் ஒரே ஒரு துளை, ஓரம் கொஞ்சம் கிழிந்த மாதிரி. மற்ற இரண்டும் எங்கே என்று தேடினேன். மூன்றும் அதிலேயே போயிருந்தன.

அர்பாப் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணாடி போல வந்த துளைச் சுவரைப் பார்க்கும் அதே சந்தோஷம் எனக்குள்ளும் ஒரு நொடி வந்தது. உடனே, நானூறு மீட்டருக்கு அப்பால் ஏதோ பாறையில் புல் மேய்ந்துகொண்டிருக்கும் ஒரு உயிரின் நினைவும் வந்தது. சிதறி விழுந்தால் அது தப்பிக்கலாம். இல்லை, காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகலாம். ஒரே குண்டில் சாவது அதைவிட நல்லது என்று அர்பாப் சொல்வார். இருக்கலாம்.

திரும்பும்போது வண்டியை ஒரு பெட்ரோல் பங்க்கில் ஓரமாக நிறுத்திவிட்டு மனைவிக்குப் போன் செய்தேன்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது."

"இப்பப் பயம் தெளிஞ்சுதுங்களா?"

"இல்ல," என்றேன். "இதுக்கு முன்ன போலீஸுக்குத்தான் பயந்தேன். இப்ப அந்தச் சாமானப் பாத்தே பயமா இருக்குது."

அவள் பார்த்து ஓட்டிக்கொண்டு வரச் சொன்னாள். மகள் பக்கத்திலிருந்து ஏதோ ஆங்கிலத்தில் கேட்பது காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.