ஆம்பளைங்க சமாச்சாரம்

என் கணவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரைக்கும் பரவிவிட்டது என்று தெரிந்த அன்று, டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். "இது ஆம்பளைங்க சமாச்சாரம்மா" என்றார். கணவரும் எங்கள் மகனும் மட்டும் உள்ளே இருந்தார்கள். திரும்பி வந்த மகன், "ஊசி போடுவாங்கம்மா, வலி குறையும்" என்றான். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த விளக்கம்.

வலி குறைந்தது உண்மைதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், வேலம்பாளையம் பனியன் கம்பெனிக்குக் கட்டிங் வேலைக்கு மறுபடி போனார். ஆனால் வீட்டுக்குள் வேறு மனிதராகிவிட்டார். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும்போதே சட்டை நனைந்துவிடும். டிவி விளம்பரம் பார்த்து அழுவார். வெற்றுடம்போடு உலாவியவர், குளியலறையிலிருந்தே சட்டை போட்டுக்கொண்டு வந்தார். படுக்கையை ஹாலுக்கு மாற்றினார். நான் கையைத் தொட்டால் விலக்கினார்.

வேறொருத்தி இருக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். நான் வேலை பார்க்கும் செக்கிங் டேபிளில் துணியில் ஓட்டை தேடும்போதெல்லாம் அதே நினைப்பு.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏனுங்க, நான் என்னங்க தப்புப் பண்ணினேன்?"

அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "நீ ஒண்ணும் பண்ணல. அந்த ஊசி ஆம்பளத்தனத்தையே நிறுத்திப்போடுது. மாருகூட வீங்கிக் கெடக்குது. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

மகனைக் கூப்பிட்டேன். "உனக்குத் தெரியுமா கண்ணு?"

"டாக்டர் அன்னைக்கே சொன்னாரும்மா. உங்ககிட்டச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த உடம்புக்கு என்ன ஆகிறது என்று மகனுக்குத் தெரியலாம், நர்சுக்குத் தெரியலாம், கட்டிக்கொண்டவளுக்குத் தெரியக் கூடாதா?

அடுத்த ஊசிக்கு நானும் போனேன். டாக்டர், "வெளிய இருங்கம்மா" என்றார்.

"இல்லீங்க, இங்கதான் இருப்பனுங்க. ஒண்ணும் தெரியாம இவரையே சந்தேகப்பட்டுட்டனுங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஆளுக்கொரு பக்கம் அழுதிருக்க மாட்டோமுங்க."

டாக்டர் என் கணவரைப் பார்த்தார். அவர், "இருக்கட்டுங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் வாய் திறந்தார். ஆண் ஹார்மோன்தான் இந்த நோயை வளர்க்கிறதாம். ஊசி அதை அடக்குகிறது. ஆசை போவதும் வியர்ப்பதும் அழுகை வருவதும் அதனால்தான். மார்பு வீக்கத்துக்கு வைத்தியம் இருக்கிறது, எலும்பு பலவீனமாகாமல் இருக்க மருந்தும் இருக்கிறது.

"வைத்தியம் இருக்குதுன்னு ஏனுங்க மொதல்லயே சொல்லல?"

"யாரும் கேக்கலையேம்மா" என்றார்.

கேட்கக்கூடியவளை வெளியே அனுப்பியது அவர்தான்.

ஊசி தொடர்கிறது, நோய் கட்டுக்குள் இருக்கிறது. கணவரின் படுக்கை ஹாலிலிருந்து மறுபடி எங்கள் அறைக்குள் வந்துவிட்டது. வியர்த்தால் துண்டு எடுத்துக் கொடுக்கிறேன். அந்த டாக்டரைப் பார்க்கும்போது மட்டும் இன்றைக்கும் வயிறு எரிகிறது.