நைரி பேசி முடித்த விலை

நியூசிலாந்தின் உள்நாட்டு ஊரொன்றில் உள்ள மர ஆலையில் நைரி தாமிகானாவுக்கு விலையைப் பார்ப்பதுதான் வேலை. மின்சாரத்தின் சந்தை விலை அரை மணிக்கொரு முறை மாறும். எகிறினால் ஒலிபெருக்கியில் கத்துவாள். மரம் உலர்த்தும் சூளைகளை நிறுத்துவார்கள். இறங்கினால் மறுபடி ஓட்டுவார்கள். ஒன்பது வருடங்களாக அவளுக்கு மதியச் சாப்பாடுகூட விலைத் திரைக்கு முன்னால்தான்.

அந்தக் குளிர்காலம் மழை ஏமாற்றிவிட்டது. மின்சாரம் தரும் அணைகள் வற்றின, விலை எட்டு மடங்கு ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஆலையைப் பூட்டினார்கள். அறுபது பேர் வீட்டில் முடங்கினார்கள். ரம்பம் ஓட்டும் அவள் தம்பி ஹேமியும் அவர்களில் ஒருவன்.

"ஏன்க்கா, என்னை முறைக்கிற மாதிரி அந்த விலையையும் கொஞ்சம் முறைச்சுப் பாரேன், பயந்து இறங்கிடும்!" என்றான். நைரி சிரித்தாள்.

அப்போதுதான் காலின் டால்கிளீஷைப் பற்றிக் கேள்விப்பட்டாள். ஆட்டுப்பண்ணைக்காரர். தன் மலைமுகட்டில் காற்றாலை வைக்க அனுமதி வாங்கியும் வங்கி கடன் தரவில்லை. நைரி நேரே பண்ணைக்குப் போனாள்.

"கரண்டு இந்த விலை விக்குதே, வங்கிக்கு என்ன பயம்?"

"இன்னைக்கு விக்குதும்மா. மழை பெஞ்சா அடிமாட்டு விலைக்குப் போயிடும். அதை நம்பி எவன் குடுப்பான்?"

"எங்களுக்கு ஏறினா பயம், உங்களுக்கு இறங்கினா பயம். நடுவுல ஒரு விலை பேசி, பன்னிரண்டு வருஷத்துக்கு எழுதிக்குவோமா?"

காலின் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இத்தனை நாள் எங்கம்மா இருந்த?"

ஆலை முதலாளி வார்விக் தயங்கினார். "நாளைக்கே விலை விழுந்தா நாம ஏமாளி ஆயிடுவோமே!"

"ஆவோம். ஆனா ஆலை ஓடும். இப்ப பூட்டிக்கிட்டு புத்திசாலியாத்தான் இருக்கோம்."

வார்விக் கையெழுத்திட்டார். ஒப்பந்தத்தைப் பார்த்ததும் வங்கி இறங்கி வந்தது. இரண்டு வருடத்தில் முகட்டில் பதினோரு காற்றாலைகள் சுழன்றன, ஆலையும் மறுபடி ஓடியது. முதல் வருடம் மழை கொட்டியது. சந்தை விலை ஒப்பந்த விலைக்கும் கீழே சரிந்தது. வார்விக் மாதக்கணக்கில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த குளிர்காலம் மறுபடி வறட்சி. சுற்றுவட்டார ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. இங்கே அறுபது பேரும் வேலையில் இருந்தார்கள். வார்விக் அவள் அறைக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

"நீ லீவு எடுத்து எத்தனை வருஷமாச்சு, நைரி?"

மறுவாரம் ஹேமியோடு கடற்கரைக்குப் போனாள். அலையோர மணலைக் காலால் கிளறிச் சிப்பி பொறுக்கினார்கள். தண்ணீர் ஐஸாய்க் குத்தியது. அவன் இரண்டு முறை கூப்பிட்டும் அவளுக்குக் கரையேற மனம் வரவில்லை.