நாலாவது கொழுக்கட்டை

எங்கள் வீட்டில் ஒரு சொல்லுக்கு எட்டு வருஷமாகத் தடை. கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை, ‘விசேஷம்’ என்ற சொல்தான். கல்யாணமான பெண்ணைப் பார்த்து இந்த ஊரில் யாராவது ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்டால், வயிற்றில் பிள்ளை உண்டா என்று அர்த்தம். தமிழில் கேட்டாலும் அதுதான், மலையாளத்தில் கேட்டாலும் அதுதான். என் அக்காவுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம். பிள்ளை இல்லை. எட்டு வருஷமாக ஆஸ்பத்திரி, ஊசி, ஸ்கேன் என்று அலைந்துகொண்டிருந்தாள். அதனால் கோயில் விசேஷத்தைக்கூட நாங்கள் கோயில் பரிபாடி என்றுதான் சொல்வோம். அந்தத் தடையைக் கொண்டுவந்தவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சாலைக் கடைத்தெருவில் பைப், குழாய், வால்வு விற்கிற கடை என்னுடையது. நாள் முழுக்க அங்கே நான் செய்வது சமாதானம்தான். சரக்குக்குக் காத்திருக்கிற பிளம்பரிடம் ‘லோடு பாறசாலை தாண்டியாச்சு’ என்பேன். அனுப்ப வேண்டிய கம்பெனிக்காரரிடம் ‘பார்ட்டி இங்க என் தலைமேல உக்காந்திருக்கு’ என்பேன். இரண்டும் பொய். ஆனால் சாயங்காலத்துக்குள் சரக்கு வந்து இறங்கிவிடும், இரண்டு பேருக்கும் சண்டை இருக்காது. அதே வித்தையை வீட்டிலும் காட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி விஷயத்தை அம்மாவும் அக்காவும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை, ஆரம்பித்தாலே இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிடும். கரமனையில் இருக்கிற அக்கா சொல்வதை என்னோடு இருக்கிற அம்மாவிடம் நான் சொல்வேன். அம்மா சொல்வதை அக்காவிடம் போய்ச் சொல்வேன். இந்தக் குடும்பம் உடையாமல் இருப்பதே என்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு நாள் அக்கா போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழுதக்காட்டில் இருக்கிற சைனீஸ் ரெஸ்டாரண்டுக்கு எல்லோருமாகப் போகலாம் என்றாள். அங்கே டிம்சம் நன்றாக இருக்குமாம். எனக்கு மகா சந்தோஷம். சொந்தக்காரர் ஒருத்தரும் எட்டிப் பார்க்காத இடம். கல்யாண மண்டபம், கடைத்தெரு, கோயில் நடை என்று எங்கே போனாலும் யாராவது ஒரு மாமி அக்காவின் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பாள். சீனச் சாப்பாட்டுக்கு எந்த மாமியும் வரமாட்டாள். இப்படி ஓர் இடம் ஏன் இத்தனை நாள் எனக்குத் தோன்றாமல் போயிற்று என்றுகூட யோசித்தேன்.

அம்மா, அக்கா, அத்தான், நான், நாலு பேர். மூங்கில் கூடைகள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து இறங்கின. அத்தான் முதல் கூடையின் மூடியைத் திறந்ததும் ஆவி கிளம்பி அம்மாவின் கண்ணாடியை மறைத்துவிட்டது. அவள் அதைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இது நம்ம கொழுக்கட்டையில்லா மக்ளே? இதத் திங்கதுக்கா ஆட்டோ பிடிச்சு வந்தோம்?”

“கொழுக்கட்டைதாம்மா. உள்ள தேங்காய்க்குப் பதிலா கொஞ்சு” என்றாள் அக்கா. கொஞ்சு என்றால் எங்கள் பக்கத்தில் இறால்.

மேல்மாவு அவ்வளவு மெல்லிசு. உள்ளே கொஞ்சின் இளஞ்சிவப்பு அப்படியே தெரிந்தது. ஓரத்தில் பாவாடைக் கொசுவம்போலச் சின்னச் சின்ன மடிப்பு. கூடைக்கு நாலு.

அம்மாவுக்கு மட்டும் காய்கறி வைத்த கூடை தனியாக வந்தது. அவளுக்கு நேர்ச்சை. அக்கா முதல் ஊசி போட்டுக்கொண்ட வாரம் ஆற்றுகால் கோயிலுக்குப் போய், பேரப்பிள்ளையைக் கையில் வாங்குகிறவரை மீன், இறைச்சி தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். குளச்சலில் பிறந்தவள், மீன் இல்லாமல் சோறு இறங்காதவள். அன்றிலிருந்து எனக்காக மீனைக் கழுவி, குழம்பு வைத்து, வாசத்தை வைத்தே உப்பு போதுமா என்று கண்டுபிடிப்பாள். பிறகு தன் பங்குத் துண்டையும் என் தட்டில் போட்டுவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்வாள். எட்டு வருஷமாக அம்மாவின் பங்கைத் தின்று பெருத்த உடம்பு இது. ரெஸ்டாரண்டிலும் அப்படித்தான் நடந்தது. கொஞ்சுக் கூடை வந்தால் அக்காவுக்கு ஒன்று, அத்தானுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, நாலாவதும் எனக்கு.

ருசி பிரமாதம். அத்தான் அந்த இரண்டு குச்சிகளை வைத்துக்கொண்டு போராடியதில் ஒரு கொழுக்கட்டை நழுவி, உருண்டு, பக்கத்து மேஜைக்காரரின் செருப்பருகே போய் நின்றது. அக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். ஊசி போடுகிற நாட்களில் அவளுக்கு வாய் கசக்கும், எதைப் பார்த்தாலும் குமட்டும். அன்று ஆறேழு தின்றிருப்பாள். அவள் அப்படிச் சிரித்துச் சாப்பிட்டு நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. அம்மா விரலாலேயே எடுத்து, மிளகாய்ச் சாற்றில் தோய்த்து, “கொள்ளாம், நல்லாருக்கு” என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் மேஜையைக் கவனித்த சர்வர் மிசோரம் பக்கத்துக்காரர், நடுவயது. எங்களைவிடச் சுத்தமான மலையாளம் பேசினார். இன்னொரு கொஞ்சுக் கூடை சொன்னபோது அதைக் குறித்துக்கொண்டு, பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் அக்காவைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார்:

“சேச்சி, இன்னு எந்தெங்கிலும் விசேஷம் உண்டோ?”

பிறந்தநாள், கல்யாண நாள் என்றால் மெழுகுவர்த்தி ஏற்றி எதையாவது கொண்டுவந்து கைதட்டுவது அந்த இடத்து வழக்கம். அவர் கேட்டது அதைத்தான். ஆனால் எட்டு வருஷமாக நான் காவல் காத்த சொல், யாரோ ஒரு புண்ணியவான் வாயால் மேஜை நடுவில் வந்து விழுந்துவிட்டது. அம்மாவின் கை மிளகாய்ச் சாற்றுக் கிண்ணத்திலேயே நின்றுபோயிற்று. ஒன்றும் இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

“உண்டு.”

அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அம்மா அக்காவின் வயிற்றைப் பார்த்தாள். அந்த மாமிகளைப்போல நானும் பார்த்தேன்.

“அங்க பாக்காண்டாம். அங்க ஒண்ணும் இல்ல” என்றாள் அக்கா. “வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயி எனக்க ஃபைல வாங்கிட்டு வந்துட்டேன். இனி ஊசி கிடையாது. நிறுத்தியாச்சு. எனக்கு அதுதான் விசேஷம். அதச் சொல்லத்தான் உங்கள இங்க கூப்பிட்டேன். அம்மா, நீ ஏசணும்னா ஏசு. ஆனா நீ ஒரு வார்த்த சொல்லாம நான் இங்கேருந்து எழும்ப மாட்டேன்.”

அத்தான் குனிந்து குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாமியாரிடம் இந்தப் பேச்சையெல்லாம் எடுக்கிற ஆள் அவர் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வழக்கம்போல் நடுவில் புகுந்தேன்.

“அம்மா, அவ ஏதோ மனசு மடுத்துச் சொல்லுதா. நான் நாளைக்கு டாக்டரப் பாத்து...”

“லேய், நீ மிண்டாம இரி” என்றாள் அக்கா.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். இப்போது அதில் ஆவி எதுவும் இல்லை. இருந்தாலும் துடைத்தாள்.

“இத நாலு வருஷம் முன்னயே நிறுத்தியிருக்கலாமே மக்ளே” என்றாள்.

“என்னது?”

“உனக்க வயிறெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடந்தத நான் பாக்கலியா? போதும், எம் பிள்ளைய இனி குத்தாண்டாம்னு அன்னைக்கே சொல்லி விட்டேனே. நீதான் கேக்க மாட்டேன்னு நின்னியாம்.”

“நானா? யாரு சொன்னா?”

அம்மா என்னைப் பார்த்தாள். அக்காவும் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“நானும் இவன்ட்டதான் சொன்னேன்” என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது. “எனக்கு மதியாச்சு, போதும், நீ அம்மாட்ட சொல்லுலேன்னு சொன்னேன். அம்மா தாங்கமாட்டா, மீன்கூடத் தொடாம காத்துக் கெடக்கான்னு சொன்னான்.”

நடந்தது உண்மை. நாலு வருஷத்துக்கு முன், அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், அக்காவிடம் போதும் என்று சொல் என்றாள் அம்மா. ‘அக்கா விடமாட்டாம்மா. நாம அப்படிச் சொன்னா அவளுக்கு இருக்கிற நம்பிக்கையும் போயிரும்’ என்றேன். நான் அக்காவிடம் கேட்கவே இல்லை. அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, அத்தானுக்கு லீவு கிடைக்காத ஒரு நாள், ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். தம்பானூர் சிக்னலில் நிற்கும்போது என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு, எனக்கு மதியாச்சு என்றாள். அப்போதாவது அம்மா சொன்னதை நான் சொல்லியிருக்கலாம். சிக்னல் விழுவதற்குள் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் முன்னமே அம்மாவிடம் ஒன்று சொல்லிவிட்டேனே, அது பொய்யாகிவிடுமே என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. பிளம்பரிடம் பேசுகிற அதே வாயால், அம்மா தாங்கமாட்டாள் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

அன்றிலிருந்து, அக்கா நம்பிக்கை இழந்துவிடக்கூடாது என்று அம்மா மீனைத் தொடவில்லை. அம்மா மீனைத் தொடாமல் இருக்கிறாளே என்று அக்கா ஊசியை விடவில்லை. ஒரே ஊரில், இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் அக்கா எத்தனை தடவை அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறிப் படுத்திருப்பாள்! எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. யாராவது எழுந்து என்னை ஓங்கி அறைந்தால் நன்றாக இருக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். யாரும் அறையவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர்கள் வந்துவிட்டார்கள். ஐந்தாறு பேர், நடுவில் நம் மிசோரக்காரர், கையில் ஒரு தட்டு, தட்டில் ஆவியில் வெந்த வெள்ளை பன், அதில் ஒரு மெழுகுவர்த்தி. மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு அவர் அத்தானிடம் ரகசியமாகக் கேட்டார்.

“பர்த்டே ஆணோ, வெட்டிங் ஆணோ? எது பாடணம்?”

அத்தான் விழித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காதான் சொன்னாள்.

“ஏதெங்கிலும் பாடிக்கோ சேட்டா.”

பிறந்தநாள் பாட்டைப் பாடினார்கள். பேர் சொல்ல வேண்டிய இடத்தில் ‘சேச்சி’ என்று போட்டுக்கொண்டார்கள். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். அம்மா ஒரு கையால் அவள் தோளை அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் மேஜையைத் தட்டித் தாளம் போட்டாள். பக்கத்து மேஜைக்காரர்களும் கைதட்டினார்கள். அக்கா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். அவர்கள் போனதும் நான் அக்காவின் பக்கம் குனிந்தேன்.

“அக்கா, நான் வேணும்னு...”

“உனக்க கதைய நாளைக்குக் கேக்கேன்” என்றாள் அவள். “இன்னைக்கு எனக்கு விசேஷம்.”

கடைசியாகச் சொல்லியிருந்த கொஞ்சுக் கூடை வந்தது. அக்கா மூடியைத் திறந்து அத்தானுக்கு ஒன்று வைத்தாள், எனக்கும் ஒன்று வைத்தாள், தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டாள். எனக்கு எங்கே பார்ப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பழகிய கை, என்னைக் கேட்காமலே நாலாவதை நோக்கி நீண்டது.

அம்மா கூடையின் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

“மாமி, அது கொஞ்சாக்கும்” என்றார் அத்தான் பதறி.

“தெரியும் மருமவனே.”

விரலால் எடுத்து மிளகாய்ச் சாற்றில் தோய்த்தாள். அக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். அம்மா பார்த்தது என்னை.

“இது எனக்க பங்காக்கும்” என்று சொல்லிவிட்டு, முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.